பல்லிக்கு வருகிற ல

கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்ததும் ஸ்டாம்ப்காரருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. அதன் தலையில் ஊதா மையில் குத்தியிருந்த முத்திரை அவர் கடையில் செய்தது. மை கசியவில்லை, வரி கோணவில்லை, ஒரு கொம்புகூட உடையவில்லை. 'நம்ம கை நம்ம கைதான்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அது என்ன சொல்கிறது என்று படித்தார்.

நோட்டீஸில் அச்சாகியிருந்தது இவ்வளவுதான்: 'பதினேழாம் வார்டு மக்கள் முப்பது நாட்களுக்குள் தங்கள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். இப்படிக்கு, நகர மன்றம்.'

அதன் மேல் அவருடைய முத்திரை: 'நான்காம் தெரு நீங்களாக.'

இன்னொரு தடவை படித்தார். கையில் இருந்த பால் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு மூன்றாம் தடவை படித்தார்.

விஷயம் இதுதான். நகர மன்றத்தில் உறுப்பினர்கள் உட்கார இடம் போதவில்லை. மக்களுக்காகப் பேசுகிறவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தால் மக்களுக்குத்தானே அவமானம்? ஆகவே மன்றத்துக்குப் புதிய மாளிகை கட்டத் தீர்மானித்து, அதற்காகப் பதினேழாம் வார்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்கு ஊர்க்கோடியில் மாற்று வீடு தருவதாக ஏற்பாடு. நான்காம் தெரு மட்டும் தப்பித்தது. தீர்மானத்தில் 'நான்காம் தெரு நீங்கலாக' என்று கறுப்பு வெள்ளையாக இருந்தது. நோட்டீஸை அச்சடித்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். ஆயிரம் நோட்டீஸை மறுபடி அச்சடிப்பதைவிட ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்திவிடுவது சுலபம் என்று மன்றத்திலிருந்து ஓர் ஆள் ஸ்டாம்ப்காரரின் கடைக்கு ஓடி வந்தார். விலக்குப் பெற்ற தெருவுக்கு எதற்கு நோட்டீஸ் என்று கேட்கக் கூடாது. விலக்குப் பெற்ற விஷயம் விலக்குப் பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

வந்த ஆள் தாளில் எழுதிக்கொண்டு வரவில்லை. வாயால் சொன்னார். "நான்காம் தெரு நீங்கலாக. சீக்கிரம் வேணும், ஜீப் நிக்குது."

அன்று காலையில்தான் ஸ்டாம்ப்காரர் மன்றத்தின் ஐந்து பிரிவுகளுக்கும் 'நீங்கள் அடுத்த வாரம் வரவும்' என்ற முத்திரையைச் செய்து முடித்திருந்தார். மன்றத்தில் அதிகம் தேய்கிற முத்திரை அது. கை அந்தப் பழக்கத்திலேயே இருந்தது. எழுத்துப் பெட்டியில் ல-வும் ள-வும் பக்கத்துப் பக்கத்து அறை. ஈய எழுத்துகளை இடவலம் மாற்றிக் கோத்து, சூட்டில் ரப்பரை அழுத்தி, பிடி ஒட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இருபது வருஷத்தில் முதல் பிழை. அது அவர் வீட்டுக் கதவிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

"என்னங்க அது?" என்று மனைவி வெளியே வந்தாள்.

அவள் பெரிய மருத்துவமனையில் நோயாளிகளின் பேரைக் கூப்பிடுகிற வேலையில் இருந்தாள். ஒரு நாளைக்கு நானூறு பேர். அவள் நாக்கில் ல வேறு, ள வேறு, ழ வேறு. தப்பாகக் கூப்பிட்டால் தப்பான ஆள் எழுந்து தப்பான ஊசியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்பது அவள் கட்சி. நோட்டீஸைச் சத்தமாகப் படித்தாள்.

"நான்காம் தெரு, நீங்-க-ளாக. நீங்களாகவே காலி பண்ணணுமா? நாம எப்பங்க ஆசைப்பட்டோம்?"

"ஆசைப்படல. நான்தான்..."

அவள் முத்திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. விளக்கம் தேவைப்படவில்லை.

"மன்றம் சொல்லிப் போறவங்களுக்கு மாற்று வீடு உண்டு. தானாப் போறவங்களுக்கு?"

"கிடையாது."

"நல்லா இருக்கு. ஊருக்கெல்லாம் ஸ்டாம்ப் செஞ்சு, கடைசியில நம்ம நெத்தியிலேயே குத்தியாச்சு" என்றாள். "ஒரே ஒரு எழுத்துதானே? போய்ச் சொல்லுங்க. திருத்திடுவாங்க."

போனார்.

மன்றத்தின் தரைத்தளத்தில் 'பிழை திருத்தப் பிரிவு' என்று பலகை போட்ட ஒரு நீள அறை. பதினோரு மேசைகள், பதினோரு பேர். கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்.

"என்ன பிழை?"

"எழுத்துப் பிழைம்மா. ல வரவேண்டிய இடத்துல ள வந்திருச்சு."

"ல வரவேண்டிய இடத்துல ல வந்திருக்கு. சரியாத்தானே இருக்கு?"

"இல்லம்மா. இது பள்ளிக்கு வர்ற ள. எனக்கு வேண்டியது பல்லிக்கு வர்ற ல."

"பள்ளிக்கூட விஷயம்னா மூணாவது மாடி."

ஸ்டாம்ப்காரர் ஒரு துண்டுத் தாளில் இரண்டு எழுத்தையும் எழுதிக் காட்டினார். அந்த அம்மாள் தாளைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, கடைசியில் ஏதோ ஒரு வித்தியாசம் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

"சரி, யார் செஞ்ச பிழை?"

"நான் செஞ்சதுதாம்மா."

"உங்க பிழைன்னா உங்க வீட்டுல வச்சுத் திருத்திக்குங்க. இது மன்றத்தோட காகிதம்."

"அப்ப மன்றத்தோட பிழைன்னே வச்சுக்குங்களேன்."

அறையில் பதினோரு பேனாக்களும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "அப்படி ஒரு பிரிவு இங்க கிடையாது."

பிறகு ஒரு நோட்டை எடுத்து அவருடைய கதவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இது எதுக்கும்மா?"

"சும்மாதான். கேக்கறவங்க கதவு எண்ணை எழுதி வைக்கிறது வழக்கம். வார்டு உறுப்பினர் கையெழுத்தோட வாங்க."

அவர் எழுதிக்கொண்டு போயிருந்த விண்ணப்பத்தை மடித்து, அதன் மேல் பலமாக ஒரு குத்து குத்தித் திருப்பிக் கொடுத்தார். 'நீங்கள் அடுத்த வாரம் வரவும்.' எழுத்து என்னமோ கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது.

பதினேழாம் வார்டு உறுப்பினரை ஊரில் 'கைதூக்கி' என்று சொல்வார்கள். பதினோரு வருஷமாக மன்றத்தில் இருக்கிறார். இதுவரை வாய் திறந்ததில்லை. எந்தத் தீர்மானம் வந்தாலும் கையைத் தூக்குவார். தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் உயரம். ஆனால் தம் அலுவலகத்தில் அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. மன்றத்தில் சேர்த்து வைத்ததெல்லாம் அங்கேதான் கொட்டும்.

"வாங்க வாங்க! உங்க தெருவைக் காப்பாத்தினதே நான்தான், தெரியுமா? மொத்த வார்டையும் எடுத்துக்கறோம்னாங்க. வழக்கம்போலக் கையைத் தூக்கிட்டேன். வீட்டுக்குப் போய்த்தான் யோசிச்சுப் பார்த்தேன். மொத்த வார்டும் போயிட்டா எனக்கு ஓட்டு யாரய்யா போடுவா? மறுநாள் ஓடிப்போய்ச் செயலாளர் கையைப் பிடிச்சு, ஒரு தெருவையாவது விதைநெல்லு மாதிரி விட்டு வைங்கன்னு கெஞ்சினேன்."

"நாங்க விதைநெல்லுங்களா?"

"பின்ன? அது எவ்வளவு பெரிய மரியாதை!"

ஸ்டாம்ப்காரர் நோட்டீஸை மேசையில் விரித்து, எழுத்தைத் தொட்டுக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். கைதூக்கி முத்திரையை உற்றுப் பார்த்தார்.

"அப்ப நீங்களே விரும்பிப் போறீங்களா?"

"இல்லீங்க. நான் செஞ்ச தப்புங்க அது."

"மக்கள் விருப்பத்தைத் தப்புன்னு சொல்லாதீங்க. நான் உங்க பிரதிநிதி. உங்க மனசுல இருக்கறதை நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் ஒத்துக்கணும். அதுக்குத்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கீங்க." திடீரென்று அவர் முகம் இருண்டது. "இருங்க. நீங்களும் போயிட்டா வாக்காளரே இருக்க மாட்டாங்களே? என் கதி?"

இதைச் சொல்லத்தான் ஸ்டாம்ப்காரர் காத்துக்கொண்டிருந்தார். "அதைத்தாங்க நானும் சொல்றேன். ஒரு எழுத்தைத் திருத்திட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

கைதூக்கி தொலைபேசியை எடுத்து மன்றச் செயலாளரைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்படிங்களா... வாக்காளர் யாருமே இல்லைன்னா தேர்தலே கிடையாதுங்களா... அப்ப இருக்கறவரே தொடர்வாருங்களா... எதுவரைக்கும்? ஓ... போட்டியே இல்லாமலா?" இருண்ட முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, மலர்ந்து, ஜொலித்தது.

தொலைபேசியை வைத்தார். ஸ்டாம்ப்காரரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கையெழுத்தெல்லாம் இப்ப வேணாம். நல்ல நேரத்துல வந்து சொன்னீங்க. ரொம்ப நன்றி."

நுணல் எப்படிக் கெடும் என்று ஸ்டாம்ப்காரர் சின்ன வயசிலேயே படித்திருந்தார். நேரில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

மறுநாள் காலை நான்காம் தெருவுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் நீலச் சட்டை. சட்டைப் பையில் நீலச் சாக்கட்டி, கக்கத்தில் கோப்பு. அவ்வளவு மரியாதையான ஆட்களை அந்தத் தெரு பார்த்ததே இல்லை. செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்கள். 'விருப்ப மடல்' என்று ஒரு தாளை நீட்டினார்கள். 'எங்கள் வீட்டை நாங்களாகவே காலி செய்ய விரும்புகிறோம். இந்த வாய்ப்பை அளித்த மன்றத்துக்கு நன்றி.'

"கையெழுத்துப் போடலைன்னா?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"போட வேணாங்க. கட்டாயமே இல்லை. நீங்களாத்தான்" என்று சிரித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அன்று மத்தியானம் தெருவிலிருந்த தபால்பெட்டியைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மறுநாள் தெருப் பெயர்ப்பலகை. அதற்கு மறுநாள் பட்டப்பகலில் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு விளக்காகக் கழற்றினார்கள். உடையாமல், துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இறக்கினார்கள். குப்பை வண்டி வரவில்லை. பேருந்து தெருமுனை நிறுத்தத்தில் நிற்காமல் போயிற்று, நடத்துநரைக் கேட்டால், "எந்த நிறுத்தம்?" என்றார். கையெழுத்துப் போட்ட வீட்டுக் கதவில் மட்டும் நீலச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார்கள். வட்டம் என்று மக்கள் சொன்னார்கள். பூஜ்யம் என்று கோப்பில் எழுதியிருந்தது.

பத்தாம் நாள் தெருமுனை இஸ்திரிக்காரர் தம் தள்ளுவண்டியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்டாம்ப்காரருக்குத் தம்பி மாதிரி. தினமும் காலையில் அவர் பெட்டியில் கரி ஊதுகிற வாசனையில்தான் தெருவே விழிக்கும்.

"அண்ணே, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஏன்டா? உன்னை யாரு கட்டாயப்படுத்தினா?"

"யாருமே கட்டாயப்படுத்தலைண்ணே. அதான் பயமா இருந்துச்சு."

ஸ்டாம்ப்காரர் வண்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டார். "டேய், அந்த முத்திரை... அது நான் செஞ்சது. என் தப்புடா."

இஸ்திரிக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டுவதை நிறுத்தினார். "நீங்க செஞ்சதா? அதான் எழுத்து அவ்வளவு திருத்தமா இருந்துச்சு!" என்று மனசாரப் பாராட்டினார். பிறகு மூட்டைக்குள் கைவிட்டு மடித்த சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "உங்களோடதுதான். தேய்ச்சு வச்சு மறந்துட்டேன். கொடுக்காம போனா மனசு கேக்காது."

"எங்க போறே?"

"மச்சினன் வீட்டு மொட்டைமாடி. மழை வர்ற வரைக்கும் இருக்கலாம்னான்."

வண்டி போயிற்று. சட்டை இன்னும் சூடாக இருப்பது போல அவருக்குத் தோன்றியது.

வார்டின் மற்றத் தெருக்காரர்கள் ஊர்க்கோடிக்கு முன்பே போய்விட்டார்கள். இருபதாம் நாள் நான்காம் தெருவில் அவர்கள் வீடு மட்டும்தான் வட்டம் இல்லாமல் நின்றது. மனைவி தினமும் வேலைக்குப் போய் வந்தாள். "நானூறு பேரைக் கூப்பிடறேன். 'இருக்கேன்'னு கையைத் தூக்கறாங்க. இங்க நாம இருக்கோம், கூப்பிடத்தான் ஆள் இல்லை" என்றாள். அவரை மன்றக் கூட்டத்துக்குப் போகச் சொன்னதும் அவள்தான். "எல்லார் முன்னாடியும் எழுந்து சொல்லுங்க. அத்தனை பேர் இருக்கற இடத்துல ஒருத்தருக்காவது எழுதப் படிக்கத் தெரியாதா?"

தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். பொதுமக்களுக்கான மாடத்தில் அறுபது நாற்காலி, ஒரே ஆள். கீழே மேடையில் தலைவர் எழுந்தார்.

"உறுப்பினர்களே! பதினேழாம் வார்டை முன்மாதிரி வார்டாக அறிவிப்பதில் பெருமை கொள்கிறேன். மூன்று வாரங்களாக அந்த வார்டிலிருந்து ஒரே ஒரு புகார்கூட இல்லை! தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் சொல்லவில்லை. விளக்கு எரியவில்லை என்று ஒருவர் எழுதவில்லை. மக்கள் இவ்வளவு திருப்தியாக இருந்து என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை!"

கைதட்டல். ஒன்பதாம் வார்டு உறுப்பினர் எழுந்து, "என் வார்டில் தினமும் நாற்பது பேர் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவே நேரம் போதவில்லை. பிரதிநிதித்துவம் எப்போது செய்வது? இந்த ஏற்பாட்டை எங்களுக்கும் தர வேண்டும்" என்று கண் கலங்கக் கேட்டார். "எங்களுக்கும்! எங்களுக்கும்!" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது.

செயலாளர் மெல்லிய குரலில் விளக்கினார்: "மக்களுக்கும் உறுப்பினருக்கும் இடையே மோதல் வருவதற்கு அடிப்படைக் காரணம் என்ன என்று ஆராய்ந்தோம். இரண்டு பேரும் இருப்பதுதான் காரணம்."

ஸ்டாம்ப்காரர் எழுந்து நின்றார். மாடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "ஐயா! அது எழுத்துப் பிழை! பல்லிக்கு வர்ற ல போடறதுக்குப் பதிலா நான் வேற ள போட்டுட்டேன்! யாரும் ஆசைப்பட்டுப் போகலை! நான் இன்னும் அங்கதான் இருக்கேன்!"

எல்லோரும் மாடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். தலைவர் கோபப்படவில்லை. "மக்கள் குரலை மதிப்பதுதான் இந்த மன்றத்தின் மரபு. ஆனால் மக்கள் குரல் இங்கே உறுப்பினரின் வாய் வழியாகத்தான் வர வேண்டும். பதினேழாம் வார்டு உறுப்பினர் இவருக்காகப் பேசுவாரா?"

கைதூக்கி எழுந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாடத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தலைவர் அவர்களே, என் வார்டில் யாரும் இல்லை. இவர் யார் என்று எனக்குத் தெரியாது."

கன்னிப் பேச்சு என்பதால் எல்லோரும் மேசையைத் தட்டி வாழ்த்தினார்கள். பிறகு எல்லா வார்டுகளுக்கும் அதே ஏற்பாடு என்ற தீர்மானத்தின் மீது கைகள் எழுந்தன. எதிர்த்து ஒரு கையும் இல்லை. அழைத்துப் போக வந்த காவலாளி ஸ்டாம்ப்காரரின் முழங்கையை மெதுவாகத்தான் பிடித்தார். "பார்த்து, படி இருக்குங்க" என்றார்.

மறுநாள் செயலாளரே கடைக்கு வந்தார். கடை மன்றத்துக்கு எதிரே இருந்தது. அது முதல் வார்டு. முந்தின நாள் மாடத்தில் எழுந்து நின்ற ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ளவில்லை.

"முப்பத்துமூணு முத்திரை. ஒவ்வொரு வார்டுக்கும் ஒண்ணு. இன்ன வார்டு நீங்கலாக. போன தடவை செஞ்ச மாதிரியே, ஒரு எழுத்து மாறக் கூடாது."

"போன தடவை மாதிரின்னா... எந்த ல சார்?"

"என்னய்யா கேள்வி? எத்தனை ல இருக்கு? எப்பவும் போடற ல-தான்."

அன்றைக்கு மனைவி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். எழுத்துப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ள இருந்த அறையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"போடுங்க. முப்பத்துமூணுலயும் பல்லி ல போடுங்க. முதலாம் வார்டு நீங்கலாக, ரெண்டாம் வார்டு நீங்கலாக, மூணாம் வார்டு நீங்கலாக. ஊரே நீங்கலாகட்டும். யாரும் எங்கயும் போக வேணாம்."

"கண்டுபிடிச்சிட்டா?"

"சரியா எழுதினதுக்குத் தண்டனை குடுக்கற சட்டம் இன்னும் வரலை. வர்றதுக்குள்ள போடுங்க."

இருபது வருஷம் செய்த வேலையை அவர் அப்படி ஆசையாகச் செய்ததில்லை. ஒவ்வொரு முத்திரையையும் தாளில் குத்தி, கண்ணாடியில் காட்டி, மறுபடி தாளில் பார்த்தார். செயலாளர் வந்து ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்து, வாய்விட்டுப் படித்தார். "நீங்கலாக. சரி. நீங்கலாக. சரி." முப்பத்துமூன்று தடவை சரி என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இருபத்தைந்தாம் நாள் காலையில் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் கடைத்தெருவில் ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எந்த வார்டும் காலி செய்ய வேண்டாம் என்று மன்றமே முத்திரை குத்திச் சொல்லியிருந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். "அடேயப்பா, எழுத்து எவ்வளவு திருத்தமா இருக்கு!" என்று இஸ்திரிக்காரர் மாதிரியே சொன்னாள்.

பதினோரு மணிக்கு ஒலிபெருக்கி வண்டி வந்தது.

வண்டியில் இருந்தவர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துத்தான் படித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் வாய்க்குள் எந்த ல போனாலும் ஒரே ல-வாகத்தான் வெளியே வந்தது. அதை ஒலிபெருக்கி வாங்கி, தெருத்தெருவாக இறைத்துக்கொண்டு போயிற்று. பதினேழாம் வார்டுக்கு என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும்; காதில் விழுந்தது 'நீங்களாக'தான். நோட்டீஸைப் படிக்க யாரும் சுவர்ப்பக்கம் வரவில்லை. அவரவர் வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தார்கள். வண்டிக்குப் பின்னால் நீலச் சட்டைகள் வந்தன. இந்த முறை மூன்று பேர் இல்லை, எண்ணி முடியவில்லை.

ஸ்டாம்ப்காரர் சுவரிலிருந்து ஒரு நோட்டீஸைக் கிழித்து எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஓடினார். "படிச்சுப் பாருங்க! போக வேணாம்! இது பல்லி ல!"

தலைச்சுமையோடு நின்ற ஓர் அம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பள்ளியெல்லாம் காலையிலேயே மூடிட்டாங்களே ஐயா. பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

முப்பதாம் நாள் சாயங்காலம். பதினேழாம் வார்டில் ஒரு வீடு, அதில் இரண்டு பேர். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றும் ஒரு வட்டத்தோடு நின்றன. தூரத்தில் ஏதோ ஓர் இயந்திரம் உறுமி உறுமி நின்றது. மனைவி ஜன்னல் அருகில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று மருத்துவமனையில் அவள் கூப்பிட்டது ஏழு பேர். எழுந்து வந்தது மூன்று பேர்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

நீலச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் தனியாக வந்திருந்தார். முதல் நாள் வந்து டம்ளரைக் கழுவி வைத்தவர்.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"நல்லதுங்க." கோப்பைத் திறந்தார். "இன்னிக்கு அறிக்கை கொடுக்கணும். எல்லாரும் 'யாரும் இல்லை'ன்னு எழுதிக் கொடுத்துடுன்னாங்க. நான் மனசாட்சிக்கு விரோதமா எழுதறவன் இல்லீங்க. ரெண்டு பேர் இருக்கறப்ப இல்லைன்னு எப்படி எழுதறது? எனக்கும் குடும்பம் இருக்கு."

ஸ்டாம்ப்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதனால ஒரு வழி யோசிச்சேன். 'பதினேழாம் வார்டு, இரண்டு பேர் நீங்கலாக, காலி'ன்னு எழுதிடறேன். கோப்புல ஏறிடுச்சுன்னா அப்புறம் உங்களை யாரும் தொட முடியாது. தலைவரே வந்தாலும் முடியாது. கோப்பு கோப்புதான்."

ஸ்டாம்ப்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதினோரு மேசை, முப்பத்துமூன்று உறுப்பினர், அத்தனை பேரில் கிடைக்காத ஒரு மனிதன் தம் வாசலில் வந்து நிற்கிறான்! "தம்பி, நீங்க நல்லா இருக்கணும். எழுதுங்க. உடனே எழுதுங்க."

நீலச் சட்டைக்காரர் கோப்பை முழங்கையில் தாங்கி எழுத ஆரம்பித்தார். பதினேழாம் வார்டு. இரண்டு பேர். நீங். க. பேனா நின்றது.

"இதுல எந்த லங்க வரும்? நீங்க எழுத்துத் தொழில் பண்றவர். உங்களைக் கேட்டு எழுதினா பிழை வராது."

ஸ்டாம்ப்காரர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்: "ப-ல்-லி. பல்லிக்கு வர்ற ல."

உள்ளேயிருந்து அவள் எழுந்து வந்தாள். நானூறு பேரைக் கூப்பிடுகிற குரலில், தெளிவாக, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் சொன்னாள். "படிக்கிற பள்ளி இல்லைங்க. பல்லி. சுவத்துல ஓடும். வாலை அறுத்துட்டு ஓடுமே, அது."

"அதுதானே! தெரியாமலா? எங்க வீட்டுல நிறைய இருக்கு" என்று நீலச் சட்டைக்காரர் சிரித்தார். குனிந்து எழுதினார்.

ஸ்டாம்ப்காரர் எதிரே நின்றார். தாள் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஆனால் எந்த எழுத்தையும் எந்தப் பக்கமிருந்தும் படிக்கிற கண் அவருடையது. பேனா ஒரு சுழி சுழித்தது. வளைந்து மேலே ஏறியது. பல்லிக்கு வருகிற ல என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பேனா நிற்கவில்லை. சாவகாசமாக வளைந்து கீழே இறங்கியது.

"அவ்வளவுதாங்க, முடிஞ்சுது" என்று நீலச் சட்டைக்காரர் கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? கதவுல ஒண்ணு போடணும்."